யார்டோடு சேர்த்துக் காப்பாற்றப்பட்ட ரயில்: நெவாடாவின் ஈலி

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் பழைய நீராவி இன்ஜின் ஒன்றை வர்ணம் பூசி மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். ரயில் பாரம்பரியத்தைக் காப்பது என்பது இவ்வளவுதானா? பெரிய பணம் இல்லாத ஒரு சின்ன ஊரால் உண்மையான ரயில் அருங்காட்சியகம் நடத்த முடியுமா?"

முடியும். நடத்திக்கொண்டிருக்கிற ஊர் ஒன்று இருக்கிறது. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிழக்கு ஓரமாக ஈலி என்று ஒரு ஊர். மக்கள்தொகை நான்காயிரத்துக்கும் சற்றுக் குறைவு. லாஸ் வேகஸிலிருந்து வடக்கே ஏறக்குறைய 390 கி.மீ.; சால்ட் லேக் சிட்டிக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்; மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் ரீனோவுக்கு 500 கி.மீ.க்கு மேல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,400 அடி உயரத்தில் வறண்ட பீடபூமி. மழை குறைவு, குளிர்காலத்தில் பனி. ஊர் வழியாகப் போகும் 50-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 'அமெரிக்காவிலேயே தனிமையான சாலை' என்று 1986-இல் லைஃப் பத்திரிகை பெயர் வைத்தது. இப்படி ஒரு மூலையில்தான் நெவாடா நார்தர்ன் ரயில்வே அருங்காட்சியகம் இயங்குகிறது.

மேடையில் நிற்கும் இன்ஜின் பார்க்க அழகுதான். ஆனால் அது எப்படி ஓடியது, அதை ஓட வைக்க எத்தனை பேர் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனார்கள் என்பது அதைப் பார்த்தால் தெரியாது. ஒரு நீராவி இன்ஜின் ஒரே ஒரு நாள் ஓட வேண்டுமென்றாலும் நிலக்கரி ஏற்றும் கோபுரம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும், மணல் காயவைக்கும் கொட்டகை, சாம்பல் தள்ள இடம், லேத் ஓடும் பட்டறை, கொல்லுலை, உதிரிப்பாகக் கிடங்கு, சம்பளப் பேரேடு எல்லாம் வேண்டும். ஈலியின் கிழக்குப் பகுதியில் இவை எல்லாம் எங்கே கட்டப்பட்டனவோ அங்கேயே இன்றும் நிற்கின்றன. மொத்தம் 56 ஏக்கர். அறுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் அமைப்புகளும். 2006 செப்டம்பரில் இந்த வளாகம் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்ஜினை மட்டும் காப்பாற்றினால் பாதி போய்விடும். யார்டும், அங்கே நடந்த வேலையும் சேர்ந்துதான் ரயில். என் பதிலின் சாரம் அதுதான். ஈலி அதை எப்படிச் செய்தது என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

முதலில் அங்கே ரயில் ஏன் வந்தது என்று பார்க்கலாம். ஈலிக்கு மேற்கே இருக்கும் மலைகளில் செம்பு இருந்தது. 1900-இல் டேவிட் பார்ட்லி, எட்வின் கிரே என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டது செறிவான தாது அல்ல. நூறு டன் பாறையை உடைத்தால் ஓரிரு டன் செம்பு கிடைக்கும், அவ்வளவுதான். அதுவரை அப்படிப்பட்ட பாறையை யாரும் சீண்டியதில்லை. ஆனால் நகரங்களுக்கெல்லாம் மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம் அது. கம்பிக்குச் செம்பு வேண்டும். மலையையே வெட்டி, ஆயிரக்கணக்கான டன் கணக்கில் அள்ளிக்கொண்டு போய் உருக்கினால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டவர் மார்க் ரெக்வா. அவர் ஏற்கெனவே யுரேகா அண்ட் பாலிசேட் என்ற குறுகிய பாதை ரயிலின் தலைவர். ரயிலால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்தவர். குதிரை வண்டியில் இந்தக் கணக்கு நிற்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தன்னுடைய குறுகிய பாதையை நீட்டாமல், புதிதாக ஓர் அகலமான பாதை போடுவது என்று ரெக்வா முடிவெடுத்தார். வடக்கே சதர்ன் பசிபிக் கம்பெனியின் கண்டம் கடக்கும் பாதையில் கோப்ரே என்று ஒரு சந்திப்பு. அங்கிருந்து தெற்கே ஈலி வரை 140 மைல், அதாவது ஏறக்குறைய 225 கி.மீ. 1905-இல் வேலை தொடங்கியது. 1906 செப்டம்பர் 29-இல் ரயில் ஈலியை எட்டியது. கடைசித் தண்டவாளத்தில் ரெக்வா செம்பாலான ஆணி ஒன்றை அடித்தார். ஊர் அந்த நாளைத் திருவிழாவாகக் கொண்டாடியது. அதற்கு முன்பு வெளியுலகிலிருந்து எந்தப் பொருளும் நாட்கணக்கில் குதிரை வண்டியில் வர வேண்டியிருந்த ஊர் அது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கொண்டாட்டம் விளங்கும்.

கோப்ரே பாதை வெளியுலகத் தொடர்புக்கு. உண்மையான உழைப்பு நடந்தது இன்னொரு பாதையில். மேற்கே ராபின்சன் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள். ஈலிக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி மெக்கில் என்ற இடத்தில் 1908-இல் வேலையைத் தொடங்கிய உருக்காலை. சுரங்கத்தில் நீராவி மண்வாரி தாதுவை அள்ளி வண்டியில் கொட்டும். அந்த வண்டிகள் பள்ளத்தாக்கில் இறங்கி, மலையைக் குடைந்த குகை வழியாக வந்து, ஈலியைக் கடந்து மெக்கிலுக்குப் போகும். காலி வண்டிகள் திரும்பி மலையேறும். இரவு பகல் பார்க்காமல் இது நடந்தது. இந்தப் பாதைக்குத் தாதுப் பாதை என்றே பெயர். அருங்காட்சியகம் இன்று பயணிகளை ஏற்றி இன்ஜின் ஓட்டுவது இதே தண்டவாளத்தில்தான். இதற்காகத் தனியாக ஒரு பொழுதுபோக்குப் பாதை போடவில்லை. வேலை நடந்த இடத்திலேயே, அதே ஏற்றத்தில், அதே குகைக்குள் ரயில் போகிறது.

இந்த இடத்தில் வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அந்த நிலம் வெஸ்டர்ன் ஷோஷோனி பழங்குடி மக்களுடையது; ஈலியில் அவர்களுடைய சமூகம் இன்றும் இருக்கிறது. ரயிலுக்கும் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் கூலிக்கு வந்தவர்கள் கிரேக்கர்கள், இத்தாலியர்கள், ஸ்லாவியர்கள், ஜப்பானியர்கள். மெக்கிலில் அவரவர் நாட்டைச் சொல்லித் தனித்தனிக் குடியிருப்பு. கம்பெனியின் மேலாளர்கள் இருந்த தெருக்கள் வேறு. 1912-இல் வேலைநிறுத்தம் வந்தபோது மெக்கிலில் கிரேக்கத் தொழிலாளர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாநில ஆளுநர் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். எந்த ஊரின் ரயில் அருங்காட்சியகமாக இருந்தாலும், பளபளக்கும் பித்தளைக்கு நடுவே இந்தப் பக்கத்துக்கும் இடம் கொடுக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தண்டவாளத்தை யார் போட்டார், என்ன கூலி வாங்கினார், எந்த வரிசை வீட்டில் குடியிருந்தார் என்று சொல்லாத அருங்காட்சியகம் முதலாளியின் ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

பயணி ரயில் 1941-இல் நின்றது. சாலையும் காரும் வந்துவிட்டன. 1952-இல் டீசல் இன்ஜின் ஒன்று வந்து பிரதான பாதையின் வேலையை எடுத்துக்கொண்டது. இதற்கிடையே சுரங்கமும் ரயிலும் கென்னகாட் என்ற பெரிய செம்புக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தன. 1978-இல் சுரங்கம் மூடியது. 1983-இல் உருக்காலை மூடியது. அதோடு ரயிலும் நின்றது. ஒரே தொழிலை நம்பி வாழ்ந்த ஊருக்கு அது எத்தகைய அடி என்று விளக்கத் தேவையில்லை. மெக்கிலில் 750 அடி உயரத்துக்கு நின்ற புகைபோக்கியைப் பத்தாண்டு கழித்து, 1993-இல், வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

உருக்காலையில் பெரும்பகுதி அழிந்தது. ரயில் யார்டு பிழைத்தது. ஏன்?

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள். வறண்ட காற்று இரும்பை அவ்வளவு எளிதில் துருப்பிடிக்க விடாது. மரமும் உளுத்துப் போகாது. கடற்கரை ஊராக இருந்திருந்தால் இதே கட்டடங்கள் முப்பது வருடத்தில் குப்பையாகியிருக்கும். அடுத்து, தனிமை. பழைய இரும்பாக உடைத்து விற்கக்கூட லாரியில் நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டும். பெரு நகரங்களில் ரயில் யார்டு மூடினால் அந்த நிலத்தின் விலையே அதைக் கொன்றுவிடும். ஈலியில் அந்த நிலத்துக்கு யாரும் போட்டி போடவில்லை. மூன்றாவது, இது எந்தப் பெரிய ரயில்வே கம்பெனியோடும் சேர்க்கப்படாத தனிக் கம்பெனியின் ரயில். பெரிய ரயில்வேக்கள் நீராவி போனதும் ஷெட்டுகளை இடித்து, பட்டறைகளை ஒன்றாக்கி, பழைய ஆவணங்களை அப்புறப்படுத்தின. இங்கே அதற்கான தேவையும் வரவில்லை, பணமும் ஒதுக்கப்படவில்லை. 1907-இல் கட்டிய கல் கட்டட ஸ்டேஷன் அப்படியே இருந்தது. பட்டறையில் கருவிகள் இருந்தன. அலுவலகத்தில் காகிதங்கள் இருந்தன.

ஆனால் காலநிலை மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது. ஊர்க்காரர்கள் முன்வந்தார்கள். ஒரு லாபநோக்கற்ற அறக்கட்டளை அமைந்தது. முதலில் கேட்க நினைத்தது ஒரு இன்ஜினும் சில பெட்டிகளும்தான் என்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; பெரும்பாலான ஊர்கள் அதோடு நின்றுவிடும். கென்னகாட் கம்பெனி 1980-களின் நடுவில் தாதுப் பாதை, யார்டு, பட்டறை, இன்ஜின்கள், பெட்டிகள் என்று ஏறக்குறைய முழு அமைப்பையும் கொடையாகக் கொடுத்தது. ஈலி அதை மொத்தமாக வாங்கிக்கொள்ளத் துணிந்தது. வேலையில்லாத ஒரு ஊர், கூரை ஒழுகும் எண்பது வயதுக் கட்டடங்களைப் பொறுப்பெடுப்பது பெரிய துணிச்சல். 1987 வாக்கில் நீராவி இன்ஜின் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. கோப்ரே வரை போகும் நீண்ட பாதை மட்டும் அப்போது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மின்சார, குடிநீர் வாரியத்துக்கு விற்கப்பட்டது. அங்கே ஓர் அனல் மின்நிலையம் கட்ட அவர்களுக்குத் திட்டம் இருந்தது, கட்டவில்லை. 2006-இல் அந்தப் பாதையையும் ஈலி நகரமே வாங்கிவிட்டது.

இனி யார்டுக்குள் போவோம்.

மணல் கொட்டகையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்போது டிரைவர் ஒரு வால்வைத் திறப்பார், இன்ஜின் முதுகில் இருக்கும் கும்பத்திலிருந்து குழாய் வழியாக மணல் தண்டவாளத்தில் விழும், சக்கரம் பிடிக்கும். அந்த மணல் ஈரமாக இருந்தால் குழாயில் அடைத்துக்கொள்ளும். அதனால் மணலை அடுப்பில் வறுத்து, சலித்து, மேலே ஏற்ற ஒரு கொட்டகையும் அதற்கென்று ஓர் ஆளும் தேவை. தாதுப் பாதை மலைப்பாதை; இந்தக் கொட்டகை இல்லாமல் ஒரு வண்டியும் மேலே போயிருக்காது. இன்ஜினைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போய் ஒரு நகர மண்டபத்தில் வைத்தால் அந்தக் கும்பம் எதற்கு என்று குழந்தை கேட்கும்; பலகையில் எழுதி வைக்கலாம். ஈலியில் எழுத வேண்டியதில்லை. கொட்டகை அருகிலேயே இருக்கிறது, அப்பால் நிலக்கரிக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் இன்ஜின் ஷெட். இன்ஜின் ஒன்றன்பின் ஒன்றாக எங்கெல்லாம் நின்று வந்ததோ அந்த வரிசையிலேயே நீங்களும் நடக்கலாம்.

இன்ஜின்கள் மூன்றையும் சொல்லிவிடுகிறேன். 93-ஆம் எண், அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி 1909-இல் செய்தது. எட்டு உந்து சக்கரம், தாது இழுக்க. 40-ஆம் எண், பால்ட்வின் கம்பெனி 1910-இல் செய்தது. ஆறு பெரிய உந்து சக்கரம், பயணி வண்டிக்கு. 81, 1917-இல் பால்ட்வின் செய்த இன்னொரு எட்டுச் சக்கர இன்ஜின். மூன்றுமே தொழிற்சாலையிலிருந்து நேராக இந்த ரயிலுக்கு வந்தவை. உலகில் எத்தனையோ நீராவி இன்ஜின்கள் ஓடுகின்றன. பெரும்பாலானவை வேறெங்கோ பிறந்து, வேறெங்கோ ஓடி, கடைசியில் ஓர் அருங்காட்சியகத்தில் தஞ்சம் புகுந்தவை. நூறாண்டுக்கு முன் வந்திறங்கிய அதே ஷெட்டில் இருந்து அதே பாதையில் இன்றும் கிளம்புவது மிக அரிது. 40-ஐ 2009-இல் நெவாடா தன் மாநில இன்ஜினாகவே அறிவித்தது. இவை தவிர 1907-இல் செய்த, நீராவியால் சுழலும் பனிவாரி ஒன்றும், தடம் புரண்ட வண்டியைத் தூக்கும் நீராவிக் கிரேன் ஒன்றும் இருக்கின்றன.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட மதிப்பாகத் தோன்றுவது காகிதங்கள். ரயிலின் தொடக்க நாள் முதலான சம்பளப் பட்டியல், சரக்குச் சீட்டு, கடிதப் போக்குவரத்து, பொறியாளர் வரைபடங்கள் பெருமளவில் தப்பியிருக்கின்றன. இது ஏதோ ஆராய்ச்சியாளர்களுக்கான விஷயம் என்று நினைக்காதீர்கள். நூறு வயது பாய்லரில் ஒரு தகட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் அசல் தடிமன் என்ன, எந்த வருடம் எதை மாற்றினார்கள் என்று தெரிந்தாக வேண்டும். வரைபடம் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம்; இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அளந்து, ஊகித்து, நாட்களைச் செலவழிக்க வேண்டும். அதேபோல ஒரு கிரேக்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளை தன் தாத்தாவைத் தேடி வந்தால், அவர் பெயர் இருக்கக்கூடிய ஒரே இடம் சம்பளப் பட்டியல்தான்.

பாய்லர் என்றேன். ஓடுகிற அருங்காட்சியகத்தின் உயிரும் அபாயமும் அதில்தான் இருக்கிறது; கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீராவி இன்ஜினில் நெருப்புப் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதன் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கீழே தீ கொழுந்துவிட்டாலும் மேலே இருக்கும் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் தகடு தாங்குகிறது. தண்ணீர் அந்தக் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் தகடு சிவந்து, இளகி, அழுத்தத்தில் கிழிந்துவிடும். 1995 ஜூனில் பென்சில்வேனியாவில் ஒரு சுற்றுலா ரயிலில் இதுதான் நடந்தது. இன்ஜினில் இருந்த மூன்று பேர் காயமடைந்தார்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் இணைப்பில் உப்புப் படிந்து அடைத்திருந்தால் மட்டம் தவறாகத் தெரியும். பழைய ரயில்காரர்கள் அதைத் தினமும் ஊதிச் சுத்தம் செய்வார்கள். அந்தப் பழக்கம் கைமாறாமல் போனதுதான் பிரச்சினையின் வேர் என்பதை அந்த விபத்தின் விசாரணை எல்லாருக்கும் உணர்த்தியது.

அதற்குப் பிறகு 2000-இல் அமெரிக்க அரசு நீராவி இன்ஜின் விதிகளை மாற்றி எழுதியது. இன்ஜின் எரிந்த நாட்களை, அதாவது அதன் வேலை நாட்களை, கணக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. 31 வேலை நாளுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவைத்து, கழுவி, உள்ளே பார்க்க வேண்டும். 1,472 வேலை நாட்கள், அல்லது 15 வருடங்கள், இதில் எது முந்துகிறதோ அப்போது பாய்லரின் உறையைக் கழற்றி, உள்ளே ஓடும் புகைக் குழாய்களை உருவி, தகட்டின் தடிமனைப் புள்ளிபுள்ளியாக அளந்து, அது இன்னும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று முழுக்கணக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். நெருப்புப் பெட்டியையும் வெளித் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நூற்றுக்கணக்கான தாங்குபோல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போலத்தான்: நல்ல போல்ட் கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாகச் சத்தம் போடும். இந்தக் காதைப் புத்தகத்தில் பெற முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று பல நூறு போல்ட்டைத் தட்டினால்தான் வரும்.

ஈலியின் பட்டறை இதனால்தான் முக்கியம். இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை அதே பழைய பட்டறையில் நடக்கிறது; பார்வையாளர்கள் அதை நேரில் பார்க்கிறார்கள். முதியவர்களிடம் இளையவர்கள் கற்கிறார்கள். இன்ஜின் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் இந்தத் தொழிலறிவு ஒரு தலைமுறையோடு போய்விடும்.

இதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி ரயிலில் நீராவி இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான், பழைய சுவிஸ் இன்ஜின்கள் தளர்ந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையால் இந்த நூற்றாண்டில் புதிய பற்சக்கர நீராவி இன்ஜின்களையே கட்டிக் கொடுக்க முடிந்தது. வேலை தொடர்ந்த இடத்தில் கைகளும் தொடர்ந்தன.

சரி, பணம்? நான்காயிரம் பேர் வாழும் ஊரில் நுழைவுச்சீட்டு விற்று இதை நடத்த முடியாது. வெளியூர்க்காரர் நாள் முழுக்கக் காரோட்டி வர ஒரு காரணம் வேண்டும். ஈலி கண்டுபிடித்த சிறந்த வழி, இன்ஜினை ஓட்டும் வாய்ப்பையே விற்பது. விதிப்புத்தகத்தை முன்கூட்டியே அனுப்புவார்கள். படித்து, எழுத்துத் தேர்வில் தேறினால், அருங்காட்சியகத்தின் டிரைவர் பக்கத்தில் நிற்க, உண்மையான நீராவி இன்ஜினின் ரெகுலேட்டரை, அதாவது நீராவியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, நீங்கள் பிடிக்கலாம். நாட்டின் மறுகோடியிலிருந்தெல்லாம் இதற்காக ஆட்கள் வருகிறார்கள். பிப்ரவரிக் குளிரில் நீராவி வெண்மேகமாகத் திரளும். அதைப் படமெடுக்கக் காமிராக்காரர்களுக்கென்றே சிறப்பு ஓட்டங்கள். கோடை இரவுகளில் நட்சத்திர ரயில்: ஈலியைச் சுற்றி விளக்கு வெளிச்சம் இல்லாததால் வானம் அப்படித் தெரியும், அருகிலுள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவின் வன அலுவலர்கள் கூடவே வந்து, ஓரிடத்தில் நிறுத்தித் தொலைநோக்கியில் காட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகள் ரயில். இதில் எனக்குப் பிடித்தது, ஊரின் குறைகளென்று நினைத்த தனிமையும் குளிரும் இருட்டும்தான் வருமானமாகியிருக்கின்றன என்பது.

பட்டறையில் 2008-இல் பிறந்த ஒரு பூனையும் இதில் பங்கெடுத்தது. டர்ட் என்று பெயர். ஆரஞ்சும் வெள்ளையுமான உடம்பு, எப்போதும் கரியும் கிரீஸும் அப்பியிருக்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். 2023 தொடக்கத்தில் அது இறந்தபோது நாடு முழுவதும் பத்திரிகைகள் எழுதின. ரயிலில் ஆர்வமே இல்லாத எத்தனையோ பேருக்கு நெவாடா நார்தர்ன் என்ற பெயர் தெரிந்தது அந்தப் பூனையால்தான்.

நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1907-இன் ஸ்டேஷன் கட்டடத்தை நெவாடா மாநில அரசின் அருங்காட்சியகத் துறை கவனிக்கிறது. யார்டையும் ரயிலையும் அறக்கட்டளை நடத்துகிறது. நகரசபையும் சொத்தில் பங்குதாரர். மூன்று கை சேர்ந்தால் சிக்கல்களும் வரும்தான். ஆனால் ஒரு கை தளர்ந்தாலும் எல்லாம் விழுந்துவிடாது. ஒரே ஒரு ஆர்வலரின் தோளில் நிற்கும் அருங்காட்சியகங்கள் அவருக்குப் பின் என்ன ஆகின்றன என்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். 56 ஏக்கர் யார்டு உங்களிடம் இருக்காது. ஆனால் பழைய ஷெட்டின் சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ, சிக்னல் கேபினோ, ஊழியர் குடியிருப்போ ஏதாவது இன்னும் நின்றால் அதை இடிக்குமுன் பேசுங்கள். எடுத்துவந்து வேறிடத்தில் வைப்பதைவிட இருக்கும் இடத்தில் கூரை போடுவது மேல். பழைய பதிவேடுகளை எடைக்குப் போடுமுன் ஒருவராவது புரட்டிப் பார்க்க வேண்டும். விளக்குகள், கைவிளக்குச் சிம்னிகள், டோக்கன் பெட்டிகள், ஸ்பேனர்கள் ஓய்வுபெற்றவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

வாசலில் நிற்கும் இன்ஜினுக்கு இப்போதே செய்ய வேண்டியவையும் உண்டு. புகைபோக்கியின் வாய் திறந்திருந்தால் மழை நேராக உள்ளே விழுந்து, அடியில் கிடக்கும் பழைய சாம்பலோடு சேர்ந்து, முன்பெட்டியின் அடித்தகட்டைத் தின்றுவிடும். வெளியே ஆண்டுக்கொருமுறை வர்ணம் மின்னும்; உள்ளே சல்லடையாகியிருக்கும். ஒரு மூடி போதும். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, சாம்பலை வாரி, இணைப்புத் தண்டுகளுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். இயன்றால் மேலே ஒரு கொட்டகை. பாய்லரைச் சுற்றிய பழைய உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆர்வத்தில் அதைப் பிரிக்க விடாதீர்கள், தெரிந்தவர்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்கள். நீலகிரி ரயிலைத் தவிர, நம் பகுதியில் நீராவி வண்டிகள் 1990-களில் நின்றன. அப்போது நடுவயதில் இருந்த டிரைவர்களும் ஃபயர்மேன்களும் ஃபிட்டர்களும் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவரை அந்த இன்ஜினில் டிரைவர் நிற்கும் கேபுக்குள் ஏற்றி உட்காரவைத்து, ஒவ்வொரு பிடியையும் வால்வையும் தொட்டு, அதை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எப்போது திறந்தார்கள், எந்த ஏற்றத்தில் எத்தனை முறை கரி அள்ளிப் போட்டார்கள் என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். செல்போன் போதும். பேட்டி வீட்டுத் திண்ணையில் வேண்டாம். இன்ஜினுக்குள்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பிடியில் கை பட்டால்தான் பாதி விஷயம் ஞாபகத்துக்கு வரும். பதிவின் ஒரு பிரதியை ஊர் நூலகத்திலும் இன்னொன்றை அருகிலுள்ள கல்லூரியிலும் கொடுத்து வையுங்கள்.